கல் தூசிக்கு மாஸ்க் மட்டும் போதுமா? வேலையிடமும் புற்றுநோயும்

கல்லுளி · ஞாயிறு, காலை 10:15

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சமையலறை மேடைக் கல் (செயற்கைக் குவார்ட்ஸ் கல்) அறுத்துப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வீவக வீடு (அரசு அடுக்குமாடி), தனியார் காண்டோ இரண்டுக்கும் போவோம். பெரிய அறுப்பெல்லாம் பட்டறையில் மெஷினில் தண்ணீர் விட்டு நடக்கும். ஆனால் வீட்டுக்குப் போனால் சுவர் நேராக இருக்காது, சிங்க் ஓட்டை இரண்டு மில்லி இடிக்கும். அப்போது அங்கேயே கிரைண்டரை எடுத்துக் காய்ந்த கல்லை அறுக்கிறோம். தண்ணீர் விட்டால் புது கேபினெட் ஊறிப்போகும் என்று வீட்டுக்காரர் சத்தம் போடுவார். பக்கத்து வீட்டுக்குத் தூசி போகக்கூடாது என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். அறுக்கும்போது எதிரில் நிற்கிற ஆளே தெரியாது.

கம்பெனி நீல நிற சர்ஜிகல் மாஸ்க் தருகிறது. கேட்டால் என்95 கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இதே வேலை பார்த்த மச்சான் ஒருவன், "அங்கே இந்தக் கல்லையே தடை பண்ணிவிட்டார்கள், நுரையீரல் போய்விடும், கேன்சர் வரும்" என்கிறான். எங்கள் சூப்பர்வைசர், "குவார்ட்ஸ் கல்லும் கிரானைட் மாதிரிதான், பயப்படாதே" என்கிறார். யார் சொல்வது சரி? மாஸ்க் போட்டால் போதுமா? ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் முடியவில்லை, அதனால் வேலையை விடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

துவாஸ்வாசி · ஞாயிறு, காலை 11:02

தம்பி, மச்சான் சொன்னதுதான் சரி. நான் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லைத் தயாரிக்கவோ விற்கவோ பொருத்தவோ கூடாது என்று தடை வந்துவிட்டது. அங்கே மேடைக் கல் அறுத்த இளவயது ஆட்களுக்கு வரிசையாக சிலிக்கோசிஸ் (கல்லில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தின் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்) வந்ததுதான் காரணம்.

கிரானைட் மாதிரி என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. பளிங்கில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் அறுக்கிற செயற்கைக் கல்லில் 90 சதவீதத்துக்கு மேலேயே இருக்கலாம், மீதி அதை ஒட்டவைக்கிற ரெசினும் சாயமும்தான். வேலையிடத்தில் மூச்சோடு போகும் சிலிக்கா தூசியை, உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1997லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருந்தால்தான் ஒரு பொருளை அந்தப் பிரிவில் வைப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ், பென்சீன், டீசல் எஞ்சின் புகை, வெல்டிங் புகை, மரத்தூள் எல்லாம் அதே பிரிவுதான்.

இன்னொன்று. எதிரில் ஆள் தெரியாத அளவு பறக்கிறதே, அந்தக் கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடி வரைக்கும் போவது கண்ணுக்கே தெரியாத பொடி. மற்றதெல்லாம் தரையில் படிந்த பிறகும் அது வெகுநேரம் காற்றில் மிதக்கும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "தூசி அடங்கிவிட்டது" என்று மாஸ்க்கைக் கழற்றி, காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கி, கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்கிறார்கள். அறுத்தபோது போனது போதாதென்று அப்போதும் உள்ளே போகும். நாளையிலிருந்தே காய்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதையும் காற்றால் ஊதுவதையும் நிறுத்துங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

மாஸ்க் கடைசி அரண்தான். முதலில் தூசியே கிளம்பாமல் பார்க்க வேண்டும், கிளம்பினால் பிளேடு பக்கத்திலேயே பிடித்துவிட வேண்டும். கிரைண்டர் பிளேடை மூடுகிற மாதிரி ஒரு உறை மாட்டி, அதிலிருந்து குழாய் விட்டு நுண்ணிய பொடியையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தோடு இணைக்கலாம். சாதாரண வேக்குவம் வேண்டாம், அது பொடியை இழுத்து பின்பக்கமாகத் திரும்ப ஊதும். அளவெடுக்கும்போதே அட்டையிலோ பிளைவுட்டிலோ அச்சு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டால் வீட்டில் அறுக்கிற வேலை பெரும்பாலும் இருக்காது. சிங்க் ஓட்டையைப் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள்.

சர்ஜிகல் மாஸ்க் இந்தத் தூசிக்கு உதவாது. என்95 முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று போய்விடும். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தரச் சொல்லுங்கள். அதைவிட, கிட்டத்தட்ட எல்லா நுண்தூசியையும் பிடிக்கிற பி100 வடிகட்டி மாட்டிய ரப்பர் அரைமுகக் கவசம் நல்லது.

வார்டு_அக்கா · ஞாயிறு, மதியம் 1:40

துவாஸ்வாசி அண்ணன் சொன்னதோடு மருத்துவப் பக்கத்தையும் சொல்கிறேன். நான் தாதி, நுரையீரல் நோயாளிகளோடுதான் வேலை.

சிலிக்கா பொடி உள்ளே போய்த் தங்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. ஒருமுறை விழுந்த தழும்பை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. வேலையை விட்ட பிறகும் அது வளர்ந்துகொண்டே போகலாம். காசநோய் எளிதாகத் தொற்றும். நுரையீரல் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. சாதாரணமாக இந்த நோய்க்கு 10, 20 வருடம் ஆகும். செயற்கைக் கல் அறுப்பவர்களுக்குத் தூசி அளவு அதிகம் என்பதால் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், விடாத வறட்டு இருமல் இருக்கும். "ஏசி ஒத்துக்கவில்லை" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒர்க் பெர்மிட்டுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது முக்கியமாகக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, அதுவும் நீங்கள் வேலை தொடங்குவதற்கு முன்பு எடுத்தது. ஆரம்பக்கட்ட சிலிக்கோசிஸ் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், சிடி ஸ்கேனில் தெரிய வாய்ப்பு அதிகம்.

மருத்துவரிடம் போனால் இருமல் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "நான் கல் அறுக்கிறேன், காய்ந்த கல்லை, மூடிய அறையில், இத்தனை வருடமாக" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கூட்டமான கிளினிக்கில் மருத்துவர் என்ன வேலை என்று கேட்காமல் விட்டுவிடலாம். நீங்களே சொன்னால் அவர் பார்க்கிற விதமே மாறும்.

பழையகை · ஞாயிறு, மதியம் 3:18

நான் இந்த வேலையில் 20 வருடத்துக்கு மேல். கல், டைல்ஸ், ஹேக்கிங் (பழைய சுவர், தரையை உடைப்பது) எல்லாம் பார்த்தாச்சு. மாஸ்க் போட்டதே கொரோனா சமயத்தில்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பெரியப்பா வாழ்நாள் முழுக்க வயலில் நின்றவர், அவர் நுரையீரல் கேன்சரில் போனார். சிகரெட்தான் காரணம் என்று மருத்துவரே சொன்னார். வருவது யாருக்கும் வரும். சின்னப் பையன்களை இப்படிப் பயமுறுத்தினால் வேலையில் மனசு நிற்காது, அதிலேயே விபத்து நடந்துவிடும். இதையும் யோசித்துப் பாருங்கள்.

வார்டு_அக்கா · ஞாயிறு, மாலை 4:05

அண்ணே, உங்களுக்கு ஒன்றும் வராமலே இருக்கட்டும், மனசாரச் சொல்கிறேன். ஆனால் இந்த வேலையில் நல்லபடியாக இருப்பவர்கள்தான் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், பேசுகிறார்கள். மூச்சு முட்டியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இந்தப் பக்கத்தில் எழுத மாட்டார்கள். அதனால் நம்மைச் சுற்றி எல்லாரும் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

சிகரெட் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் நன்றாக ஆராய்ந்து கண்ட உண்மை ஒன்று உண்டு. புகைப்பவர் அந்தத் தூசியையும் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து வெறும் கூட்டலைவிட அதிகமாக, கிட்டத்தட்ட பெருக்கல் போல ஏறுகிறது. ஆகவே சிகரெட் பிடிக்கிறவருக்குத்தான் தூசிப் பாதுகாப்பு இன்னும் அதிகம் வேண்டும். அவனவன் பழக்கம் என்று கைவிடக்கூடாது.

வருவது யாருக்கும் வரும் என்று இருந்திருந்தால் எதையும் தடுத்திருக்க முடியாது. 1775ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் ஆட்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். கரியில் இருக்கும் எந்த ரசாயனம் அதைச் செய்கிறது என்று பிரித்தெடுக்க 1930கள் வரை ஆனது. கரியைத் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிலிக்கா விஷயத்தில் இன்று நமக்கு அதைவிட எவ்வளவோ தெரியும்.

சொந்தப்பட்டறை · ஞாயிறு, மாலை 6:30

நானும் ஒரு முதலாளிதான், சின்னப் பட்டறை. முதலாளி பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வேக்குவம், உறை, நல்ல கவசம் என்று எல்லாம் வாங்கினால் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான பிரச்சினை மெஷின் விலை இல்லை. ஒப்பந்தம் பேசும்போது இந்த நேரத்துக்கு யாரும் காசு வைப்பதில்லை. வீட்டுக்காரர் ஒரு விலை சொல்கிறார், ரெனவேஷன் கம்பெனி அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு எங்களிடம் தள்ளுகிறது, சாவி கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது என்று அவசரப்படுத்துகிறது. அளவெடுக்க இன்னொரு தடவை ஆள் போனால் அந்தக் கூலி எங்கள் தலையில். அதனால்தான் "போய் அங்கேயே அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பையன்களை அனுப்புகிறோம். அறுக்கிறவனுடைய நுரையீரலை வைத்துத்தான் விலையைக் குறைக்கிறோம்.

நான் செய்த மாற்றம் இதுதான். விலைப்பட்டியலிலேயே "தளத்தில் கல் அறுக்கப்படாது, அச்சு வைத்து அளவெடுக்கப்படும்" என்று போட்டு அதற்குத் தனித் தொகை எழுதிவிட்டேன். சில வேலை கைவிட்டுப் போனது. ஆனால் வீட்டுக்காரர்களிடம், "உங்கள் புது வீட்டில் அந்தப் பொடி ஏசிக்குள் போய் உட்கார்ந்துவிடும், குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று விளக்கியதும் பலர் ஒத்துக்கொண்டார்கள். வீடு புதுப்பிக்கப் போகிற சிங்கப்பூர்த் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், கல் எங்கே அறுபடும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் கேட்டால் ரெனவேஷன் கம்பெனி கேட்கும், அப்புறம் நாங்களும் மாறித்தான் ஆகவேண்டும்.

துவாஸ்வாசி · ஞாயிறு, இரவு 8:12

சார், இதைத் திறந்து சொன்னதற்கு நன்றி. சட்டப் பக்கத்தையும் பதிவு செய்துவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விழுந்து அடிபடுவதற்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நச்சுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் ஊழியர் சுவாசிக்காமல் பார்த்துக்கொள்வது வேலையிடத்தை நடத்துபவரின் கடமை. சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ், பென்சீன், ஆர்செனிக் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி செலவில் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும் என்று 2011ல் தனி விதிகள் வந்தன. சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் நாரால் நுரையீரலில் விழும் தழும்பு), மீசோதீலியோமா (அதே நாரால் பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) ஆகியவை தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி ஒரு நோயைக் கண்டால் மருத்துவர் 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். மரணமோ கடுங்காயமோ ஏற்படுத்தக்கூடிய விதிமீறலுக்கான உச்ச அபராதத்தை 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

வரம்பை எப்படி அளப்பார்கள் என்று பலருக்குத் தெரியாது. எங்கள் பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். வெல்டர் ஒருவரின் இடுப்பு பெல்ட்டில் கைக்கு அடக்கமான ஒரு பம்ப்பை மாட்டுவோம். அதிலிருந்து மெல்லிய குழாய் முதுகுப் பக்கமாக ஏறி, தோளைத் தாண்டி, சட்டைக் காலரில் கிளிப் போட்ட ஒரு சிறு டப்பியில் முடியும். டப்பிக்குள் வெள்ளை வடிதாள். அவர் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றை அது நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். மாலையில் டப்பியைத் திறந்தால் அந்த வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகியிருக்கும். முதல் முறை அதைப் பார்த்த வெல்டர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எத்தனை முறை பேசினாலும் வராத மாற்றம் அந்தத் தாளைப் பார்த்ததும் வந்தது. புகை உறிஞ்சும் குழாயைத் தாங்களாகவே இழுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றவைப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அந்தப் புகையில் ஆறிணைதிறக் குரோமியம் (ஹெக்சாவேலண்ட் குரோமியம்) இருக்கிறது, அதுவும் முதல் பிரிவுதான்.

கல்லுளி தம்பி, புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காகவோ அதிகாரிக்கு உதவியதற்காகவோ வேலையை விட்டு நீக்குவதும் மிரட்டுவதும் அந்தச் சட்டத்தின்படி குற்றம். நடைமுறையில் நிரூபிப்பது எளிதல்ல, தெரியும். அதனால் முதலில் சூப்பர்வைசரிடம் வாட்ஸ்அப்பில் மரியாதையாகக் கேளுங்கள், பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுத்தில் இருக்கும். அப்புறமும் நடக்கவில்லை என்றால் அமைச்சு, அல்லது வெளிநாட்டு ஊழியர் நிலையம்.

ஓட்டுக்கூரை · திங்கள், இரவு 9:20

இடிப்பு வேலையில் இருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நம் ஊர்ப் பையன்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாம் பிறந்து வளர்ந்ததே அந்த ஷீட்டுக்குக் கீழேதான். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மாட்டுக்கொட்டகை, சமையல்கட்டு, பள்ளிக்கூடம் என்று எங்கு பார்த்தாலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஊரில் இன்றும் கடையில் விற்கிறது. அதனால் இங்கே ஒரு பழைய ஷெட்டில் அதே அலையலையான சாம்பல் ஷீட்டைப் பார்த்தால் யாருக்கும் பயமே வருவதில்லை. சுத்தியலால் ஒரு தட்டு, இரண்டாக உடைத்து லாரியில் எறி, அவ்வளவுதான்.

உடையாமல் கூரையில் கிடக்கிற ஷீட்டால் பெரிய ஆபத்து இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், பிரஷ் வைத்துத் தேய்த்தால் நார் பறக்கும். முடியைவிடப் பல மடங்கு மெல்லிய நார். உள்ளே போய்க் குத்திக்கொண்டால் உடம்பால் வெளியேற்ற முடியாது.

சிங்கப்பூரில் கட்டடங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்துவது 1989லேயே தடை. ஆனால் அதற்கு முன் கட்டியவை இன்னும் நிற்கின்றன. அதனால்தான் 1991க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கவோ புதுப்பிக்கவோ தொடங்கும் முன் தகுதியுள்ள ஒருவர் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. இருந்தால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் அகற்றலாம், அமைச்சுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கூரை ஷீட் மட்டுமல்ல, சீலிங் பலகை, தடுப்புச் சுவர், கொதிகலன் குழாய்க்குச் சுற்றிய உறை, கேஸ்கெட் எல்லாவற்றிலும் இருக்கலாம்.

முறையாகச் செய்கிற குழுவோடு வேலை செய்திருக்கிறேன். ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கை ஒட்டி அனுப்புவார்கள். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற உடை. வெளியே வரும்போது குளித்துவிட்டுத்தான் வர முடியும். நாள் முடிந்தால் சொந்தச் சட்டையில் ஒரு துளி தூசி இருக்காது. மற்ற இடங்களில் அதே தூசிச் சட்டையோடு லாரியில் ஏறி, தங்குவிடுதி அறையில் உதறி, எல்லார் துணியோடும் சேர்த்துத் துவைக்கிறோம். வெளிநாடுகளில் கணவன் சட்டையைத் துவைத்த மனைவிமாருக்கே மீசோதீலியோமா வந்திருக்கிறது. அறையில் நம்மோடு படுக்கிறவனுக்கு அந்தத் தூசியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் அவனும் சுவாசிக்கிறான்.

உங்கள் தளத்தில் பழைய கட்டடம் என்றால் ஒரே கேள்வி போதும்: "ஆஸ்பெஸ்டாஸ் ரிப்போர்ட் எங்கே?" அந்தத் தாளைப் பார்க்காமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

வால்வுக்காரன் · செவ்வாய், காலை 7:45

நைட் ஷிஃப்ட் முடிந்து எழுதுகிறேன். எண்ணெய், ரசாயன ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவில் பராமரிப்பு வேலை. எங்கள் பக்கத்தில் ஆபத்து பென்சீன் என்ற ரசாயனம். கண்ணுக்குத் தெரியாது, வாசனை இனிப்பாகவே இருக்கும், வாசனை வருகிற அளவுக்கு இருந்தால் ஏற்கெனவே வரம்பைத் தாண்டியாச்சு என்று பொருள். இங்கே வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், ரத்தப் புற்றுநோய் வரும்.

பெரிய ஆலைகளில் பரவாயில்லை. மீட்டர் இருக்கிறது, அனுமதிச் சீட்டு (பெர்மிட்) இல்லாமல் ஃபிளேஞ்சை, அதாவது குழாய் இணைப்பை, திறக்க முடியாது, ரத்தப் பரிசோதனை நடக்கிறது. எனக்குக் கவலை சின்னப் பட்டறையில் வேலை செய்கிற தம்பிமார்களைப் பற்றி. கிரீஸ் பிடித்த கையைத் தின்னரிலும் பெட்ரோலிலும் கழுவுகிறார்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சோப்பும் சமையல் எண்ணெயும் போதும் கையைச் சுத்தம் செய்ய.

என்95 தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பெயிண்ட், தின்னர், கரைப்பான் வேலைக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் கவசம் வேண்டும், அதையும் காலக்கெடு பார்த்து மாற்ற வேண்டும். ஒரே மாஸ்க்கை எல்லாவற்றுக்கும் கொடுக்கிற இடங்கள் நிறைய இருக்கின்றன.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்பு மனித உருவம், அதன் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு குறி இருந்தால், நீண்ட நாளில் உடம்பைக் கெடுக்கிற பொருள். அதன் கீழே எச்350 என்று இருந்தால் புற்றுநோய் உண்டாக்கலாம் என்பதுதான் பொருள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்தப் படத்தையும் எண்ணையும் மனசில் வைத்துக்கொள்ளலாம். சின்ன டப்பாவில் ஊற்றிக்கொண்டு வரும்போது அந்த லேபிளும் கூடவே வர வேண்டும், வெறும் மினரல் வாட்டர் பாட்டிலில் தின்னர் இருக்கவே கூடாது.

திருவாரூர்ப்பெண் · செவ்வாய், இரவு 10:05

என் அப்பா 80களிலும் 90களிலும் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் குழாய்களுக்கு உறை சுற்றுகிற வேலை பார்த்தார். பழையதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதியதைச் சுற்ற வேண்டும். போன வருடம் நெஞ்சில் நீர் கோத்தது. காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், குணமாகவில்லை. பிறகு சென்னையில் திசு எடுத்துப் பார்த்து மீசோதீலியோமா என்றார்கள். மருத்துவர் முதலில் கேட்டதே, ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தாரா என்றுதான். அப்பாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. "வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கும், கையெல்லாம் அரிக்கும்" என்றார்.

எங்களிடம் பழைய பாஸ்போர்ட் ஒன்று, கூட வேலை செய்தவர்களோடு எடுத்த ஒரு போட்டோ, இவ்வளவுதான் இருக்கிறது. அந்த நிறுவனம் இப்போது இல்லை என்கிறார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அவர் எதனால் இப்படி ஆனார் என்பது ஒரு தாளிலாவது எழுதப்பட வேண்டும்.

வார்டு_அக்கா · செவ்வாய், இரவு 11:30

தங்கச்சி, அப்பாவின் நிலை படித்து மனசு கனத்துப் போச்சு. மீசோதீலியோமா அந்த நாரைச் சுவாசித்து 30, 40 வருடம் கழித்துத்தான் பெரும்பாலும் வெளியே தெரியும். அதனால் காலம் பொருந்துகிறது.

முதலில் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பேச முடிகிற இப்போதே, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், என்ன வேலை, கூட யார் யார் என்று அவர் வாயால் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, முடிந்தால் ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். போட்டோவில் இருப்பவர்களில் யாராவது கிடைத்தால் அவரிடமும் எழுதி வாங்குங்கள். அப்புறம் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு இவற்றோடு எழுதுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலவரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். கிடைக்கும் என்று பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் மருத்துவ அறிக்கையில் அவருடைய வேலை வரலாற்றை எழுதச் சொல்லுங்கள், அதை எந்த மருத்துவரும் செய்யலாம். நீங்கள் கேட்ட அந்தத் தாளுக்கு அதுவே தொடக்கம்.

துவாஸ்வாசி · புதன், காலை 6:50

திருவாரூர்ப்பெண் எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. எல்லாரும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோய்கள் பெரும்பாலும் வேலை செய்கிற நாட்டில், வேலை செய்கிற காலத்தில் வருவதில்லை. கை கால் அடிபட்டால் அன்றே ரிப்போர்ட் ஆகும், இழப்பீட்டுச் சட்டம் அன்றே வேலை செய்யும். தூசி விஷயத்தில் ஆள் ஊருக்குப் போய், பெர்மிட் ரத்தாகி, கம்பெனி பெயர் மாறி, சூப்பர்வைசர் யார் என்பதே மறந்த பிறகு இருமல் வருகிறது. 2023 ஜூலையிலிருந்து ஒர்க் பெர்மிட் ஆட்களுக்கு மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளி என்று உயர்த்தியது நல்ல காரியம், ஆனால் அது இங்கே இருக்கிறவரைக்கும்தான்.

அதனால் இங்கே இருக்கும்போதே காகிதம் சேர்க்க வேண்டும். ஐபிஏ கடிதத்தில் (வேலை அனுமதிக்கு முன் வரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம்) கம்பெனி பெயரும் வேலையும் இருக்கும். சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம், ஒவ்வொரு மாதமும் வாங்கிப் படம் எடுங்கள். மருத்துவச் சோதனை முடிவைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும், நகல் கேளுங்கள். எந்தத் தளத்தில் என்ன பொருளை அறுத்தீர்கள் என்று ஃபோனில் எழுதி, கல்லின் லேபிளையோ டப்பாவையோ ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் ஊரில் இருக்கிற மனைவிக்கோ தங்கைக்கோ அனுப்பிவிடுங்கள். ஃபோன் தொலைந்தாலும் அங்கே இருக்கும்.

அமைச்சிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ் போன்றவற்றில் வேலை செய்த ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும், ஊருக்குத் திரும்பும்போது அவர் எதைச் சுவாசித்தார், கடைசி எக்ஸ்ரே என்ன சொன்னது என்று ஒரு சான்று கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். விவரம் எல்லாம் கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அச்சடித்துக் கொடுப்பது பெரிய வேலை இல்லை.

பழையகை · புதன், மதியம் 12:40

அந்தப் பெண் எழுதியதைப் படித்தேன். நானும் 90களில் கொஞ்ச நாள் கப்பல் வேலையில் இருந்தவன். எங்கே போய்ப் பரிசோதிப்பது? உள்ளூர் ஆள்தான், பிஆர் (நிரந்தரவாசி).

வார்டு_அக்கா · புதன், மதியம் 1:15

அண்ணே, பாலிகிளினிக்கிலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போய் முழு வேலை வரலாற்றையும் சொல்லுங்கள், கப்பல் வேலையை முதலில். தேவைப்பட்டால் அவர் நுரையீரல் நிபுணருக்குக் கடிதம் தருவார். சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நிறுத்த அங்கேயே உதவி கிடைக்கும். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் தங்குவிடுதிக்கான மருத்துவ நிலையத்திலும், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனத்தின் மருந்தகத்திலும் கேட்கலாம்.

கல்லுளி · வியாழன், இரவு 9:55

எழுதிய எல்லாருக்கும் நன்றி. சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், பாஸ் கூப்பிட்டுப் பேசினார். சொந்தப்பட்டறை சார் எழுதியதைக் காட்டினேன். சிங்க் ஓட்டை இனிப் பட்டறையிலேயே வெட்டச் சொல்லியிருக்கிறார். அரைமுகக் கவசம் அடுத்த வாரம் வாங்குகிறாராம். உறையும் வேக்குவமும் பற்றி "பார்க்கலாம்" என்றார். கம்ப்ரசரால் ஊதுவதை எங்கள் டீமில் நிறுத்திவிட்டோம், ஈரத்துணியால் துடைக்கிறோம்.

டைல்ஸ்தம்பி · வியாழன், இரவு 10:20

ஒரு சந்தேகம். நான் கல் அறுப்பதில்லை. டைல்ஸ் அறுப்பேன், கான்கிரீட் சுவரில் டிரில் போடுவேன், பழைய தரையை ஹேக் பண்ணுவேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

துவாஸ்வாசி · வியாழன், இரவு 10:48

பொருந்தும் தம்பி. மணல், சிமெண்ட் கலவை, டைல்ஸ், செங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. செயற்கைக் கல்லைவிடச் சதவீதம் குறைவு, ஆனால் ஹேக்கிங்கில் கிளம்புகிற தூசியின் அளவு மிக அதிகம். டைல்ஸுக்குத் தண்ணீர் ஓடுகிற கட்டர், டிரில்லுக்கு முனையில் மாட்டுகிற தூசி உறிஞ்சி, ஹேக்கிங்குக்கு முன்னும் நடுவிலும் தண்ணீர் தெளிப்பு. பழைய தரை என்றால் அந்தக் கட்டடம் எந்த ஆண்டு கட்டியது என்று முதலில் கேளுங்கள், 1991க்கு முன் என்றால் ஓட்டுக்கூரை சொன்ன அந்த ரிப்போர்ட்டையும் கேளுங்கள். பழைய வினைல் தரையிலும் அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு.